பழகிய ஆலயமும் புதிய அழைப்பும்

கேள்வி: சிறு வயது முதல் சிங்கப்பூர் ஓபிர் சாலை லூர்து மாதா ஆலயத் தமிழ்த் திருப்பலியில் பாடி வருகிறேன். இப்போது என் வீட்டருகே உள்ள பங்கில், அதே நேரத்தில், பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மறைக்கல்வி கற்பிக்க அழைக்கிறார்கள். “நம் கோயிலை விடுவதா?” என்று அம்மா வருந்துகிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, ஈசூன்

பதில்: தாயாரின் வருத்தத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழும்பிய அவ்வாலயமே, ஊரையும் உறவையும் விட்டுக் கடல் கடந்து வந்தவர்களுடையது என்பதை அவருக்கு மெல்ல நினைவூட்டலாம்.

விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல் 12-ஆம் அதிகாரத்தில், கடவுளின் அழைப்பை ஏற்று ஆபிராம் தமது 75-ஆம் வயதில் சொந்த நாட்டை விட்டுப் புறப்படுகிறார். மறையுரைகள் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகின்றன. ஆனால் அதே அதிகாரத்தில், கானான் நாட்டை அடைந்து பலிபீடங்கள் கட்டிய பிறகு, பஞ்சத்தால் அவர் எகிப்துக்குப் போக நேர்கிறது, அங்கே உயிருக்கு அஞ்சி மனைவியைச் சகோதரி என்று சொல்லச் செய்கிறார். ஆகவே தொடக்கத் தடுமாற்றங்களைக் கொண்டு அழைப்பையே சந்தேகிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் செபம் சொல்லித்தரும்போது ‘அருள் நிறைந்த மரியே’ என்பதே முதலில் நாவில் வந்து நிற்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஓராண்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பாடற்குழுவினரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள்; பிறர் வாயிலாகச் செய்தி போனால் மனக்கசப்புதான் மிஞ்சும். திருவிழா நாள்களில் தாயாருடன் ஓபிர் சாலைக்குச் செல்வதை நிறுத்த வேண்டியதில்லை.