அந்த அங்கத்துவப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் முன்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து ஐந்து மாதம் என்கிறீர்கள். நிலவறை எடுத்துத் தந்த அண்ணர் ஒரு மாகாணக் கட்சியின் படிவத்தோடு வந்திருக்கிறார். "புதுத் தலைவரைத் தெரிவு செய்யப் போகிறார்கள், உம்முடைய பெயரையும் போடும், காசை நான் கட்டுறன், வாக்குப் போடும் இலக்கம் வந்தவுடன் என்னட்டைத் தாரும், உம்முடைய அகதி வழக்குக்கும் உதவும்" என்று சொல்லியிருக்கிறார். போடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே வின்ரர் சப்பாத்து, கார் காப்புறுதி, என்ன படிக்கலாம் என்று மூன்று கேள்விகள்.

சப்பாத்தை மலிவு பார்க்காமல் வாங்குங்கள். காப்புறுதிக்கு நாலு இடத்தில் விலை கேளுங்கள். படிப்பைப் பற்றி அண்மையில் படித்து முடித்தவர்களிடம் கேட்பதுதான் சரி. நான் சொல்ல விரும்புவது அந்தப் படிவத்தைப் பற்றி.

கையெழுத்து வைக்காதீர்கள். அந்த மனிதர் சொன்ன விதத்தில் வைக்கவே வேண்டாம்.

முதலில் வழக்கு. குடிவரவு, அகதி விடயங்கள் மத்திய அரசுக்கு உரியவை. உங்கள் வழக்கைத் தீர்மானிப்பது குடிவரவு அகதிச் சபை; அது தனித்து இயங்கும் ஒரு தீர்ப்பாயம். மாகாணக் கட்சியின் அங்கத்துவ அட்டைக்கும் அந்த மேசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கோப்பு எங்கேயாவது தேங்கி நின்றால் உங்கள் தொகுதியின் மத்திய நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே யாரும் எந்தக் கட்சி என்று கேட்பதில்லை, தொகுதியில் குடியிருந்தால் போதும். இதை எனக்கு யாராவது அன்று சொல்லியிருந்தால் எவ்வளவோ வேதனையைத் தவிர்த்திருப்பேன்.

நான் வந்தது 1996 ஐப்பசியில். எனக்கும் இப்படி ஒரு அண்ணர் இருந்தார், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். வீடு எடுத்துத் தந்தவர், வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அந்த நன்றியை நான் இன்றும் மறுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோனார். ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தெரிவு செய்யும் கூட்டம். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. என் பெயரில் அங்கத்துவம் எப்போது எடுத்தார், யார் காசு கட்டினார், எனக்குத் தெரியாது. "மேலே இருந்து மூன்றாவது பெயர்" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது பெயருக்குப் புள்ளடி போட்டேன். வெளியே வந்தால் பெட்டியில் சோறு. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வயதிலிருந்து எனக்கென்று ஒரு வாக்குப் போட ஆசைப்பட்டவன் நான். இந்த நாட்டில் முதல் வாக்கை யாருக்கென்றே தெரியாமல் போட்டேன். அம்மாவை எடுக்கும் கோப்பை அந்த வேட்பாளர் கெதியாக நகர்த்துவார் என்று அண்ணர் சொல்லியிருந்தார். அவர் வென்றார். அதற்குப் பிறகு என் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் நானே ஒரு மத்திய உறுப்பினரின் அலுவலக வாசலில் போய் நின்றேன். அங்கே வேலை செய்த பெண் மூன்று கடிதம் எழுதினார். 2003 இல் அம்மா வந்து இறங்கினார்.

சரி, இனி தலைவரைத் தெரிவு செய்யும் விடயம். இதை விளங்கிக்கொண்டால் அந்த அண்ணருக்கு உங்கள் இலக்கம் ஏன் தேவை என்று விளங்கும்.

முன்பு இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் கட்சித் தலைவரை மாநாட்டில்தான் தெரிவு செய்வார்கள். தொகுதிகளிலிருந்து பேராளர்கள் வருவார்கள், ஒருவர் பாதிக்கு மேல் எடுக்கும்வரை சுற்றுச் சுற்றாக வாக்குப் போடுவார்கள். 1971 இல் கொன்சர்வேற்றிவ் கட்சிக்காரர் பில் டேவிஸைத் தெரிவு செய்தது நாலாவது சுற்றில், வெறும் 44 வாக்கு வித்தியாசத்தில். அவர் 1985 வரை மாகாண முதல்வராக இருந்தார். அந்தக் கட்சி அப்போது 42 வருடம் தொடர்ந்து ஆண்டது. ஆகவே கட்சித் தலைவரைத் தெரிவு செய்தவர்களே மாகாணத்தின் முதல்வரையும் தெரிவு செய்தார்கள். 1990 இல் அதே கட்சி மாநாட்டு முறையை விட்டு ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒரு வாக்கு என்று மாற்றி மைக் ஹரிஸைத் தெரிவு செய்தது. லிபரல் கட்சிக்காரர் பேராளர் மாநாட்டை மேலும் முப்பது வருடத்துக்கு மேல் விடவில்லை. 2020 இல் ஸ்டீவன் டெல் டுக்கா தெரிவானதுதான் அந்த முறையில் கடைசி. 2023 இல் அவர்களும் மாறினார்கள். அங்கத்தவர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் வாக்களித்து பொனி குரொம்பியைத் தெரிவு செய்தார்கள். புதிய ஜனநாயகக் கட்சியில் அதே வருடம் மெரிட் ஸ்டைல்ஸ் போட்டியே இல்லாமல் வந்தார், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லா அங்கத்தவருக்கும் வாக்கு என்றால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கணக்கு வேறு. 2018 கொன்சர்வேற்றிவ் தலைமைப் போட்டியை எடுங்கள். 124 தொகுதி. ஒவ்வொரு தொகுதிக்கும் 100 புள்ளி. வாக்குகள் எத்தனை விழுந்தாலும் அந்த நூறைத்தான் வீதப்படி பிரிப்பார்கள். நூறு பேருக்குக் குறைவாகப் போட்ட தொகுதியில் மட்டும் ஒரு வாக்குக்கு ஒரு புள்ளி. மார்ச் 10 ஆம் திகதி மார்க்கம் நகரில் ஒரு ஹோட்டலில் முடிவு சொல்லக் கூடினார்கள். மணிக்கணக்கில் இழுபட்டு, மண்டபத்தை எடுத்த நேரம் முடிந்து, வந்த சனத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரவுதான் அறிவித்தார்கள். போட்டியிட்ட கிறிஸ்ரீன் எலியட் கூடுதல் வாக்கும் எடுத்தார், கூடுதல் தொகுதியிலும் முன்னுக்கு நின்றார். ஆனால் புள்ளியில் டக் ஃபோர்ட் வென்றார். மூன்று மாதத்தில் தேர்தல் வந்தது, அவர் முதல்வர். அந்தப் போட்டியில் வாக்களித்தவர்கள் சுமார் 64,000 பேர். மாகாணத்தில் அப்போது சனத்தொகை 1 கோடியே 40 இலட்சத்துக்கு மேல்.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வாருங்கள். ஸ்காபரோவில் ஒரு தொகுதியில் இரண்டாயிரம் தமிழரைச் சேர்த்துவிட்டேன் என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்துகிறார். அந்த இரண்டாயிரம் பேரும் சேர்ந்து பங்குபோடுவது நூறு புள்ளி. வடக்கே ஒரு சிறிய தொகுதியில் நூற்றைம்பது பேர் போட்டாலும் அதே நூறு. அங்கே ஒருவருடைய வாக்கு எங்களுடையதைவிடப் பதின்மடங்கு கனம். ஆகவே "நாங்கள்தான் தலைவரை உருவாக்கினோம்" என்று கலியாண வீடுகளில் சொல்பவர்களை நம்பாதீர்கள். அவர்கள் சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையைக் காட்டித் தங்களுக்கு ஒரு படமும் ஒரு பதவியும் வாங்குவார்கள். அந்த எண்ணிக்கையையும் எவ்வளவு நம்பலாம் என்று பாருங்கள்: பற்றிக் பிரவுன் கொன்சர்வேற்றிவ் தலைவராக இருந்தபோது கட்சியில் இரண்டு இலட்சம் அங்கத்தவர் என்று பேசினார்கள். 2018 ஜனவரியில் அவர் விலகிய பின் இடைக்காலத் தலைவராக வந்த விக் ஃபெடெலி எண்ணிப் பார்த்தால் 1 இலட்சத்து 27 ஆயிரம் சொச்சம்தான்.

எங்கள் ஆட்களில் இன்னொரு பகுதியினர் இருக்கிறார்கள். முப்பது வருடம் இங்கே இருந்தும் "அரசியல் எங்களுக்கு எதற்கு" என்று சொல்வார்கள், பிறகு வரி கூடியது, பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு நின்றது என்று புலம்புவார்கள். அவர்களையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. நான் உங்களுக்குச் சொல்வது ஒதுங்கி இருங்கள் என்று அல்ல.

இலக்கத்தைக் கேட்பது ஏன் என்றால், சில கட்சிப் போட்டிகளில் வாக்கு இணையத்தில். இலக்கம் கையில் இருக்கிறவர்தான் வாக்காளர். எனக்குத் தெரிந்த ஒரு வயதான அம்மா, அவருடைய பெயரில் வந்த கடிதத்தை உறையோடு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். பிறகு யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்டபோது, "அந்தத் தம்பி போட்டிருப்பார்" என்றார். மகள்மார் இரண்டு பேர் பக்கத்திலேயே இருந்தார்கள், ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஊரில் எங்களுடைய வாக்கை வேறு ஆட்கள் போட்டதைக் கண்டு கொதித்த சனம் இது.

கட்டணத்தையும் நீங்களேதான் கட்ட வேண்டும். இன்னொருவர் மொத்தமாகக் கட்டுவது விதிக்கு மாறு. விசாரணை வந்தால் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. குடியுரிமை இல்லாதவரைச் சேர்க்கும் கட்சியும் உண்டு, சேர்க்காத கட்சியும் உண்டு. மத்திய லிபரல் கட்சி 2025 ஜனவரியில் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் மட்டும் என்று இறுக்கியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் உங்களுக்கு உரிமை இல்லாத படிவத்தில் பெயர் இருப்பதைப்போல வீண் சிக்கல் வேறில்லை. கட்சியின் சொந்தத் தளத்தில் விதியை வாசியுங்கள். மாகாணத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும், அது வேறு கதை.

உண்மையில் ஆர்வம் இருந்தால் கட்சியின் தொகுதிச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போய் பின்வரிசையில் இருங்கள். தலைமைப் போட்டியைவிட வேட்பாளர் நியமனத்தில்தான் எங்கள் சனத்தின் எண்ணிக்கை நேராக வேலை செய்யும். அங்கே புள்ளிக் கணக்கு இல்லை, ஆள் கணக்குத்தான். 2011 இல் ராதிகா சிற்சபைஈசன் ஒட்டாவாவில் மத்திய நாடாளுமன்றத்துக்குப் போனதும், 2018 இல் விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் மாகாண சபைக்குப் போனதும் அப்படி நியமனத்தில் தொடங்கியவைதான். 2021 இல் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரச் சட்டம் நிறைவேறியதும் சபைக்குள் எங்கள் ஆட்கள் இருந்தபடியால்தான்.

நான் அப்படித்தான் தொடங்கினேன். 2005 அளவில் ஒரு நூலக மண்டபத்தில் பன்னிரண்டு பேர் கூடிய கூட்டம். நான் ஒருவன்தான் தமிழன். தீர்மானம் எப்படிக் கொண்டுவருவது, யார் வழிமொழிவது, எப்போது கை உயர்த்துவது, ஒன்றும் தெரியாது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி பக்கத்தில் இருந்து மெல்லிய குரலில் சொல்லித் தந்தார். நாலு வருடத்தில் நான் அந்தச் சங்கத்தின் பொருளாளர். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1996 டிசம்பர் முதலாம் திகதி விடியற்காலை. நானும் என் அறைச் சிநேகிதனும் யங் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் இரவுத் துப்புரவு வேலை. முடிந்து வந்தால் ஞாயிற்றுக்கிழமை, சப்வே பிந்தித்தான் தொடங்கும். இரவு பஸ்ஸுக்குக் கார்ல்ரன் தெரு மூலையில் நின்றோம், என் காலில் ஊரில் வாங்கிய சப்பாத்து. அந்த நேரத்தில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் ஹொக்கி அரங்கிலிருந்து சனம் வெளியே வருகிறது. கோட்டும் கழுத்துப்பட்டியும், நெஞ்சில் அட்டை, கையில் பதாகை, நித்திரை இல்லாத கண். ஹொக்கி முடிந்து வருகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த நாள்தான் பத்திரிகையில் பார்த்தோம், லிபரல் கட்சி ஐந்து சுற்று வாக்குப் போட்டு அதிகாலை நாலரை மணியளவில் டால்ரன் மகின்ரியைத் தலைவராகத் தெரிவு செய்திருக்கிறது. முதற்சுற்றில் நாலாவதாக நின்றவர். முதற்சுற்றில் முன்னுக்கு நின்ற ஜெராட் கென்னடி கடைசியில் தோற்றார். மகின்ரி 2003 இல் முதல்வராகிப் பத்து வருடம் அளவில் இருந்தார்.

அவர் விலகியபோது 2013 ஜனவரியில் அதே கட்டடத்தில் மாநாடு. பெயர் மட்டும் மாறியிருந்தது. இந்த முறை அட்டை என் நெஞ்சில், நான் பேராளர். பல நூறு டொலர் கட்டணம், என் சொந்தக் காசு. வெளியே ஆசிரியர்களும் தொழிற்சங்கங்களும் ஆயிரக்கணக்கில் நின்று கோஷம் போட, நான் அவர்களைக் கடந்து உள்ளே போனேன். முதற்சுற்றில் சாண்ட்ரா புப்பற்றெல்லோ 599, கத்லீன் வின் 597. இரண்டு வாக்கு! பிறகு போட்டியில் நின்ற சாள்ஸ் சூசாவும் அதே ஜெராட் கென்னடியும் எழும்பி வின்னின் பக்கம் நடந்துபோனதைக் கண்ணால் கண்டேன். மூன்றாவது சுற்றில் வின் 1,150, புப்பற்றெல்லோ 866. பொதுத்தேர்தல் இல்லாமலே, நாங்கள் இரண்டாயிரம் சொச்சம் பேர் போட்ட வாக்கில், பெப்ரவரி 11 இல் அவர் முதல்வரானார். அது நல்ல முறையா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் அன்று என் வாக்குச் சீட்டை நானே வாசித்து, நானே மடித்துப் போட்டேன்.

வெளியே வந்து அதே கார்ல்ரன் மூலையில் நின்று அந்தச் சிநேகிதனுக்கு அழைத்தேன். அவன் இப்போது எட்மன்ரனில். "ஹொக்கி முடிஞ்சுதோ?" என்று கேட்டான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.