பின்னறைச் செடி விளக்கும் அடிக்கடி விழும் ஆர்சிசிபியும்

கேள்வி: அண்ணே, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை ஒட்டிய பழைய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். வெளியே எதை நட்டாலும் குரங்கு விட்டுவைப்பதில்லை. அதனால் பின்னறையில் இரும்பு அலமாரி போட்டு சாலட் கீரையும் துளசி நாற்றும் வளர்க்கிறேன். 200 வாட் எல்இடி செடி விளக்கு நான்கு, ஒரு காற்றாடி, தண்ணீர்த் தொட்டியில் சின்ன பம்பு, எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷனில். விளக்குகள் ஆன்லைனில் வாங்கியவை, இரண்டு பின் பிளக். மழை நாளில் மெயின் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டாகிவிடுகிறது. “லோட் தாங்கவில்லை, பெரிய பிரேக்கராகப் போடலாம்” என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. போடலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. லோட் கூடினால் விழுவது எம்சிபி, அதாவது ஒவ்வொரு சர்க்கியூட்டுக்கும் இருக்கும் சின்ன பிரேக்கர். உங்கள் வீட்டில் விழுவது ஆர்சிசிபி, அதற்கு லோட் கணக்கே தெரியாது. லைவில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். கொஞ்சம் வேறு வழியாக மண்ணுக்குப் போனால் உடனே விழும். உங்கள் வீட்டில் எங்கோ கசிகிறது. பெரிய பிரேக்கர் போட்டால் கசிவு நிற்காது, அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போகும்.

லோட் கணக்கையும் பார்த்துவிடலாம். நான்கு விளக்குக்கு 800 வாட், காற்றாடியும் பம்பும் சேர்த்து 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 4 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்குக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் அதே எக்ஸ்டென்ஷனில் 2,000 வாட் கெட்டிலைச் செருகினால் 12.6 ஆம்பியர் ஆகிவிடும், அதைச் செய்யாதீர்கள். (விளம்பரத்தில் ‘1000 வாட்’ என்று பெயர் வைத்துவிட்டு 100 வாட் மட்டும் எடுக்கும் விளக்குகளும் விற்கிறார்கள். விளக்கில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.)

லோட் சின்னதுதான், ஓடும் நேரம்தான் அதிகம். கீரைக்கு ஒரு நாளைக்கு 14 மணி நேரமாவது எரியவிடுவீர்கள். தளர்ந்துபோன சாக்கெட்டில் 4 ஆம்பியர் அத்தனை நேரம் ஓடினாலும் பின் சூடேறும், பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு கருகும். இரண்டு மணி நேரம் எரிந்த பிறகு பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டால் அந்த சாக்கெட்டை மாற்றியே ஆக வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைக்காதீர்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது எர்த்தான். நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் எர்த் என்பது சுவரோரம் மண்ணில் அடித்த ஒரு செம்புக் கம்பிதான். அதன் தடை 20 ஓம் என்றால், லைவ் வயர் விளக்கின் உலோக உடம்பைத் தொட்டாலும் மண்ணுக்குப் போவது 11.5 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளாது. அந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி மட்டும்தான். இடி இடித்தால் விழுகிறது என்று அதை பைபாஸ் செய்துவிடும் வீடுகள் உண்டு. யார் சொன்னாலும் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்து ஆர்சிசிபியின் முகத்தைப் பாருங்கள். 0.03ஏ என்றிருந்தால் 30 மில்லியாம்பியர், நல்லது. 0.1ஏ என்றிருந்தால் அது 100 மில்லியாம்பியர். ஆளைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். ஆனால் அந்த பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தாலும் பட்டனை அழுத்தினால் விழத்தான் செய்யும். எர்த்தை வயர்மேன் மீட்டர் வைத்து அளந்துதான் சொல்ல முடியும்.

அடுத்து அந்த இரண்டு பின் பிளக். எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தி பிளக்கைத் திணிக்கும் வித்தை நம் ஊரில் எல்லா வீட்டிலும் தெரியும். விளக்கின் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா? இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. ஃபியூஸ் உள்ள மூன்று பின் பிளக் மட்டும் வேண்டும், 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். குறியும் இல்லை, உடம்பு உலோகம் என்றால் எர்த் இருந்தே ஆக வேண்டும். இப்போது அதில் கசியும் கரண்டுக்குப் போக வழியில்லை. ஈரக் கையோடு நீங்கள் தொட்டால் நீங்கள்தான் வழி. அப்படிப்பட்ட விளக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, சிரிம் (மலேசியத் தரச் சான்று) லேபிள் உள்ளதாக வாங்குங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க, மழை நாளில் பின்னறைப் பொருட்களை எல்லாம் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, நியூட்ரல் பக்கம் கசிந்தாலும் ஆர்சிசிபி விழும். அப்படியும் விழுந்தால் கோளாறு வேறு இடத்தில். வாசல் விளக்கு, வெளிச் சுவர் சாக்கெட், வாட்டர் ஹீட்டர் எல்லாம் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் பம்பை மட்டும் முதலில் செருகிப் பாருங்கள். என் சந்தேகம் அதன் மேல்தான். தண்ணீருக்குள் கிடக்கும் மலிவு பம்பின் வயர் எலி கடித்தோ விரிசல் விட்டோ இருக்கும். செருகியிருக்கும்போது தொட்டிக்குள் கையை விடாதீர்கள்.

நிரந்தரமாகச் செய்வதானால் பின்னறைக்கு டிபியிலிருந்து தனி சர்க்கியூட் இழுக்கச் சொல்லுங்கள்: 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள், சி வகை எம்சிபி, அதற்கென்று தனி 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. எல்இடி டிரைவர்கள் (விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பகுதி) நல்ல நிலையிலும் எர்த்துக்குக் கொஞ்சம் கசிய விடும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் கசிவோடு சேர்ந்தால் மெயின் ஆர்சிசிபி விழலாம், தனியாக இருந்தால் வீடு இருட்டாகாது. தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வேண்டும் என்று மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகளிலேயே இருக்கிறது. பம்பு சாக்கெட்டுக்கு அதைக் கேளுங்கள். சாக்கெட் தொட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும், எலிக்குப் பயந்து கேபிள் கேசிங்குக்குள் போகட்டும். இந்த வேலையைப் பதிவு பெற்ற மின் குத்தகையாளரிடம் மட்டும் கொடுங்கள். முடிந்ததும் போராங் ஜி (வேலை முடிந்ததற்கான சான்று), போராங் எச் (சோதனைச் சான்று) இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

டைமர் வாங்கும்போது ஒரு விஷயம். எல்இடி எரியும் முதல் நொடிக்குள் கரண்ட் பல மடங்கு பாயும். நான்கையும் ஒரே டைமரில் போட்டால் அதன் தொடுமுனை ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமலே போகலாம். இரண்டு டைமர் வாங்கி ஒரு நிமிட இடைவெளி வையுங்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் எரியவிடுவது நல்லது.

வெளிச்சம் திருப்ப அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால் வயர் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அதிலும் கரண்ட் ஓடும். விளக்கை அதன் வயரில் தொங்கவிடாமல் கொக்கியில் மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி மறுபடி மேலே ஏறட்டும், வழிந்துவரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

வயர்மேன் வரும்வரை பம்பும், எர்த் இல்லாத உலோக விளக்குகளும் பிளக்கில் இருக்க வேண்டாம். கீரைக்குக் கையால் ஊற்றிக்கொள்ளலாம்.