சம்பளம் கூட்டிய பிறகும் ஊழியர் ஏன் பிந்தி வருகிறார்கள்?

திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளியில் 16 அறைகள் கொண்ட ஒரு விடுதியை நடத்தும் வாசகர் எழுதியிருக்கிறார்: "சீசன் தொடங்குமுன், ஏப்ரலில், 11 ஊழியருக்கும் மாதம் 5,000 ரூபாய் கூட்டினேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. ஜூனில் பழையபடி ஆகிவிட்டது. பிந்தி வந்தால் ஒரு தடவைக்கு 200 ரூபாய் வெட்டுவேன் என்றேன். பிந்துவது இன்னும் கூடிவிட்டது. இரண்டு வருடம் சமையற்கட்டில் நின்ற தம்பி உப்புவெளியில் வேறொரு இடத்துக்குப் போய்விட்டார், அங்கே சம்பளம் பெரிதாகக் கூடவும் இல்லை. இன்னும் என்னதான் கொடுப்பது?"

ஐயா, சம்பளத்தைக் கூட்டியது வீண் செலவு இல்லை. ஆனால் சம்பளம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில்தான் குழப்பம். அமெரிக்க உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் பகுதியில் 203 பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும், வேலையில் எப்போது மிகவும் மகிழ்ந்தீர்கள், எப்போது மிகவும் வெறுத்தீர்கள் என்று கேட்டார். 1959இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வெறுப்புக்குச் சொன்ன காரணங்கள் பெரும்பாலும் நிர்வாக விதிகள், மேற்பார்வை, சம்பளம் போன்றவை. மகிழ்ச்சிக்குச் சொன்னவை செய்து முடித்த வேலை, கிடைத்த பாராட்டு, கையில் தந்த பொறுப்பு. இரண்டும் வேறு வேறு பட்டியல்கள். அதாவது சம்பளக் குறையைத் தீர்த்தால் முணுமுணுப்பு அடங்கும், வேலையில் ஆர்வம் தானாக முளைக்காது. உங்கள் மே மாதத்துக்கும் ஜூனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. நல்லது நடந்தால் தன் திறமை, கெட்டது நடந்தால் நிர்வாகத்தின் பிழை என்று சொல்வது மனித இயல்பு, ஆகவே இப்படிக் கேட்டால் இப்படித்தான் பதில் வரும் என்றார்கள். அது நியாயமான கேள்வி. இன்னொன்றையும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஹெர்ஸ்பெர்க் பேசியது பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும். மழைக்காலம் வந்தால் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று யோசிக்கும் ஒருவருக்கு "பணம் மட்டும் வாழ்க்கையில்லை" என்று பாடம் எடுப்பது அநியாயம். ஊக்குவிப்புக் கோட்பாடுகளைக் குறைந்த சம்பளத்துக்குச் சாட்டாக வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது கடிதத்தில் தெரிகிறது.

சரி, 200 ரூபாய்க்கு வருவோம். இதற்கு ஏறக்குறைய அச்சொட்டான ஓர் ஆய்வு உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 பகல்நேரக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களை யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் கவனித்தார்கள். பிள்ளையைக் கூட்டிச் செல்லப் பிந்தி வரும் பெற்றோருக்கு 6 நிலையங்களில் சிறிய அபராதம் வைத்தார்கள். பிந்தி வருபவர்கள் குறையவில்லை, கூடினார்கள். முன்பு, ஆசிரியை காத்துக்கொண்டிருப்பாரே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்தபின் அது காசு கொடுத்து வாங்கும் நேரமாகிவிட்டது. 2000இல் வெளிவந்த இந்த ஆய்வில் உங்களுக்கு முக்கியமானது அடுத்த பகுதி: அபராதத்தை எடுத்த பிறகும் பிந்துவது பழைய அளவுக்கு இறங்கவில்லை. போன கூச்சம் சும்மா திரும்பி வராது.

ஆகவே அபராதத்தை நிறுத்தும் அன்றே எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். "நான் வைத்த முறை சரிவரவில்லை" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அப்புறம் ஏன் பிந்துகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கிண்ணியாவிலிருந்து வருபவர் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கி நிலாவெளி பஸ்ஸுக்கு மாற வேண்டும். இறக்கக்கண்டியில் இருந்து சைக்கிளில் வருபவருக்கு அந்தப் பாடு இல்லை. இருவருக்கும் ஒரே 6 மணி ஏன்? காலைச் சாப்பாட்டுக்கு யார் நிற்பது, யார் 8 மணிக்கு வரலாம் என்பதை அவர்களே வகுக்கட்டும். தாங்கள் போட்ட அட்டவணையை ஆட்கள் அவ்வளவு இலகுவில் மீறமாட்டார்கள். இன்னொன்று, அபராதமாகச் சம்பளத்தில் வெட்டுவதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. தொழில் திணைக்களத்தில் கேட்காமல் இனி அப்படி எதுவும் செய்யாதீர்கள்.

சமையற்கட்டுத் தம்பி போனதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். விருந்தினரின் பில்லில் சேரும் சேவைக் கட்டணத்தை வரவேற்பிலும் பரிமாறும் இடத்திலும் நிற்பவர்களுக்குத்தான் பிரிப்பதாக, "விருந்தினரோடு பழகுவது அவர்கள்தானே" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உளவியலாளர் ஜே. ஸ்டேசி ஆடம்ஸ் 1963இல் சமநீதிக் கோட்பாட்டை முன்வைத்தார். ஒருவர் தன் சம்பளத்தைத் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. தான் போட்ட உழைப்பையும் அதற்குக் கிடைத்ததையும், பக்கத்தில் நிற்பவர் போட்டதோடும் பெற்றதோடும் வைத்துப் பார்க்கிறார். பொருந்தாவிட்டால் உழைப்பைக் குறைப்பார், அல்லது இடத்தை மாற்றுவார். அடுப்படியில் வெந்து பாரை மீன் பொரித்தவர், அதைத் தட்டில் கொண்டுபோனவருக்கு மட்டும் பங்கு போவதை இரண்டு சீசன் பார்த்திருக்கிறார். எல்லோருக்கும் ஒரே 5,000 கூட்டியதால் அந்த இடைவெளி ஒரு ரூபாயும் குறையவில்லை.

முதலில் இதைத் திருத்துங்கள். சமையல், அறை துப்புரவு, தோட்டம், இரவுக் காவல் என்று எல்லோருக்கும் பங்கு. யாருக்கு எத்தனை பங்கு, அந்த மாதம் சேர்ந்த மொத்தம் எவ்வளவு என்பதைச் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கணக்கு மறைந்திருந்தால் ஆட்கள் அதைவிட மோசமான கணக்கை மனதில் போட்டுக்கொள்வார்கள்.

ஆர்வம் இதற்குப் பிறகுதான். 1970களில் ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வேலையின் அமைப்பையே ஆராய்ந்தார்கள். பல திறமைகளுக்கு இடம், ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்தல், அது யாருக்கோ பயன்படுகிறது என்ற உணர்வு, சொந்தமாகத் தீர்மானிக்கும் உரிமை, எப்படிச் செய்தோம் என்று தெரியவருதல் ஆகிய ஐந்தும் கூடினால் வேலை பிடித்துப்போகும் என்றார்கள். உங்கள் இடத்தில் இதற்குப் பெரிய செலவில்லை. காலையில் கரைக்கு மீன் வாங்கப் போகும்போது காசைச் சமையல்காரர் கையில் கொடுங்கள். விளைமீனா கணவாயா என்று அவரே பார்த்து வாங்கி, அன்றைய சாப்பாட்டையும் அவரே முடிவு செய்யட்டும். நான்கு அறைகளை ஒரே ஆளிடம் ஒப்படையுங்கள். இணையத்தில் விருந்தினர் எழுதும் கருத்துகளை வாரம் ஒருமுறை எல்லோருக்கும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "கறி அருமை" என்று யாரோ ஜெர்மனியில் இருந்து எழுதியது அடுப்படிக்குப் போய்ச் சேர வேண்டும். குறை வந்தால் அதைச் செய்தவரிடம் தனியாகப் பேசுங்கள்.

கடைசியாக மழைக்காலம். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும் வந்து நம் கரை வெறிச்சோடும்போதுதான் தெற்கே பெந்தோட்டை, ஹிக்கடுவ பக்கம் சீசன் தொடங்குகிறது. உங்கள் ஆட்கள் அங்கே போவதைத் துரோகமாகப் பார்க்காதீர்கள். ஏப்ரலில் திரும்பி வந்தால் அதே வேலை, அதே பங்கு, சேவைக்காலம் தொடரும் என்று செப்டெம்பரிலேயே கடிதம் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 12 வீதமும் அவர்களின் 8 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு உங்கள் 3 வீதமும் ஒழுங்காகப் போகிறதா என்றும் பாருங்கள். தற்காலிக ஊழியருக்கும் அது உண்டு. உப்புவெளிக்குப் போன தம்பிக்கும் அந்தக் கடிதத்தில் ஒரு பிரதி அனுப்புங்கள்.