எட்டாயிரமா, பதினேழாயிரமா?

கேள்வி: மூன்று பேர் உட்காரும் சோபா ஒரு கடையில் 8,000 ராண்ட், இன்னொன்றில் 17,000 ராண்ட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதை வாங்கலாம்? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: மேல்துணியை மறந்துவிடுங்கள். விலையைத் தீர்மானிக்க வேண்டியது உள்ளே இருக்கும் சட்டம்தான். முன்பக்கக் காலொன்றை அரை அடி தூக்குங்கள். மற்ற முன்காலும் உடனே எழும்ப வேண்டும். எழாமல் சட்டம் முறுக்கிக்கொண்டால் அது பலவீனமானது. விலை எதுவானாலும் வேண்டாம். அடித்துணியின் ஓரத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மூலைகளில் பசையும் திருகும் போட்ட மரக்கட்டைகள் இருந்தால் நல்லது. வெறும் ஸ்டேப்பிள் மட்டும் என்றால் நாளடைவில் ஆட்டம் காணும். நன்கு உலர்ந்த சலிக்னா (ஒருவகை யூகலிப்டஸ்) மரம் பைனைவிட உறுதியானது. சிப்போர்டு, அதாவது மரத்துணுக்குகளை ஒட்டி அழுத்திய பலகை, ஈரத்தில் உப்பிவிடும்.

உட்காரும் பகுதி ஃபோமின் அடர்த்தியைக் கேளுங்கள்: கனமீட்டருக்கு 30 கிலோவாவது வேண்டும். முதுகுப் பகுதிக்குக் குறைவாக இருந்தாலும் போதும். ஜிப் வைத்த உறை அவசியம், ஏனென்றால் அமுங்கிய ஃபோமைப் பிறகு மாற்றலாம், சட்டத்தை மாற்ற முடியாது.

டர்பனின் கடலோர ஈரக்காற்றில் பாண்டட் லெதர் (தோல் துணுக்குகளை அரைத்து ஒட்டிச் செய்தது) செதில்செதிலாக உரியும். அதைவிட நெருக்கமாக நெய்த துணியே மேல்.

இந்தச் சோதனைகளில் தேறினால் 8,000 ராண்ட் சோபாவையே தயங்காமல் வாங்குங்கள். தவணையில் என்றால் வட்டி, காப்புறுதி, டெலிவரி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்: தரக்குறை தெரிந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பா, மாற்றுப் பொருளா, பணமா என்பது உங்கள் தேர்வு.