தோல் வழிக்கும் கத்தி: வாசகர் கேள்விகள்

கேள்வி: பதனிடும் முன் தோலில் ஒட்டிய சதையை வழிக்கும், இருபுறமும் பிடி வைத்த பழைய கத்தி கிடைத்தது. அலகின் இரண்டு விளிம்பிலும் துரு. இரண்டையும் கூராகத் தீட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இத்தகைய கத்தியில் பெரும்பாலும் ஒரு விளிம்பு கூர், மற்றது வேண்டுமென்றே மழுங்கல். மழுங்கல் விளிம்பு கொழுப்பையும் சவ்வையும் தள்ளிக் கிழித்தெடுக்கும்; வேலையில் பெரும்பகுதி அதனுடையதுதான். கூர் விளிம்பு, கழுத்துப் பக்கம் ஒட்டிக்கிடக்கும் கெட்டிச் சதையைச் சீவ. மழுங்கலைக் கூராக்கிவிட்டால் தள்ளும் வேகத்தில் தோலுக்குள் இறங்கிவிடும்.

துருவை எண்ணெய் தொட்ட உப்புத்தாளால் தேயுங்கள். மழுங்கல் விளிம்பில் பல் விழுந்திருந்தால் அரத்தால் சமன்செய்து, முனையைச் சற்றே உருட்டிவிடுங்கள். ஒரு சிறு பல் போதும், தோல் முழுக்கக் கோடு போட. கூர் விளிம்பைத் தீட்டியபின் மறுபுறம் மடிந்து நிற்கும் பிசிரையும் எடுத்துவிடுங்கள். துருவை முழுவதும் நீக்கச் சொல்வது அழகுக்காக அல்ல. மரப்பட்டைச் சாறு, கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளால் பதனிடுவதானால், இரும்பு பட்ட இடம் நீலக்கறுப்பாகிவிடும். அந்தக் கறை லேசில் போகாது.

கேள்வி: எவ்வளவு கவனமாக வழித்தாலும் ஓட்டை விழுகிறது. ஒரு தோலில் மயிரும் உதிர்ந்தது.

பதில்: கத்தியைப் பார்க்கும் முன், தோலை விரித்துப்போட்டு வழிக்கும் கட்டையைத் தடவிப் பாருங்கள். கணு, வெடிப்பு, தோலுக்கடியில் சிக்கிய ஒரு சுள்ளி, மயிர்ப் பக்கம் காய்ந்த சேறு, இவற்றுக்கு மேலேதான் ஓட்டை விழும். கட்டை உருண்டு வழவழப்பாக, மேல்முனை இடுப்புயரத்தில் சாய்ந்திருக்க வேண்டும். தோலின் விளிம்பை முனையில் மடித்து வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து வாலை நோக்கித் தள்ளுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் மயிர்க்கால்கள் அறுபடும். உதிர்வுக்கு இதுவும் காரணம், அளவுக்கு மீறிச் சீவுவதும் காரணம். மழுங்கல் விளிம்பைச் சற்று நிமிர்த்தியும், கூர் விளிம்பைப் படுக்கை வாட்டத்திலும் பிடிக்க வேண்டும். அக்குள், வயிறு, மடிப் பகுதி மெல்லியவை. அங்கே மழுங்கல் மட்டுமே.

கொழுப்பு குளிர்ந்து இறுகியிருக்கும்போது கழன்று வரும். சூடேறினால் களிம்பு போல் பூசிக்கொள்ளும். விளிம்பு காய்ந்துவிட்டால் ஈரத்துணி போட்டு மூடி, இளகியபின் தொடருங்கள்.

கேள்வி: உப்பிடுவது வழிக்கும் முன்பா, பின்பா?

பதில்: பின்பு. கொழுப்பின் மேல் இட்ட உப்பு தோலுக்குள் சரியாக இறங்காது. தோலின் எடையில் பாதியளவு பொடி உப்பை, ஓரம் மடிப்பு விடாமல் சதைப்பக்கம் தேயுங்கள். நோயில் செத்த மாட்டுத் தோலையோ ஆட்டுத் தோலையோ தொடவே தொடாதீர்கள். ஆந்த்ராக்ஸ் கிருமி தோலிலும் மயிரிலும் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.