கோர்ன்வால் கரையோரப் பாதை: ஒரு கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

கதிர்காமப் பாதயாத்திரை பற்றித் தாங்கள் எழுதியதை வாசித்தேன். நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். வயது அறுபத்து மூன்று. உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை காட்டுவழியே நடந்தவன். பிரிஸ்டலில் இருக்கும் என் மகள், வருகிற மே மாதம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரப் பாதையில் ஹார்ட்லண்ட் கீ தொடங்கிச் சில நாட்கள் என்னுடன் நடக்க விரும்புகிறாள். முதல் நாளே பியூட் வரை 25 கிலோமீற்றர் என்று அட்டவணை போட்டிருக்கிறாள். யால காட்டில் நடந்தவனுக்கு இது ஒரு தூரமா? மருமகன் மட்டும் கூடாது என்கிறார். தங்கள் அபிப்பிராயம் என்ன? நாற்புறமும் கடல் சூழ்ந்த நம் நாட்டில் அப்படியொரு பாதை ஏன் இல்லை என்பதையும் எழுதுங்கள்.

வெள்ளவத்தை வாசகர்

அன்பின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

மருமகன் சொல்வதே சரி. நடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் 25 கிலோமீற்றர் வேண்டாம் என்கிறேன். ஒரு பாதை எவ்வளவு கடினமானது என்பதை அறிய, அதன் நீளத்தைக் கேட்பதற்கு முன் அதை முதலில் மிதித்தவர் யார், எதற்காக மிதித்தார் என்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உகந்தையிலிருந்து போகும் வழி யாத்திரிகர்கள் உண்டாக்கியது. அவர்களுக்குக் கதிர்காமம் போய்ச் சேர வேண்டும், வழியில் தண்ணீர் வேண்டும், வேறொன்றும் வேண்டியதில்லை. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தாங்கள் தங்கிய இடங்களை நினைத்துப் பாருங்கள்: ஆறோ, கிணறோ, மணலைத் தோண்டினால் ஊற்றோ கிடைக்கும் இடங்களே தங்குமிடங்களாயின. ஆடி மாதத்தில் தென்கிழக்கில் மழை இல்லாததால் ஆறுகள் வற்றிப்போய், நடந்தே கடக்கும் அளவுக்கு இருக்கின்றன. வெயிலும் மணலும் யானையும் வாட்டினாலும் நிலம் பெரும்பாலும் சமதரை. அங்கே ஒருவரின் கால் பழகுவது தூரத்துக்குத்தான்.

தென்மேற்குக் கரையோரப் பாதையின் கதை வேறு. மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுக வாயில் வரை 1,014 கிலோமீற்றர் நீளும் அந்தப் பாதையில் மிக உயர்ந்த இடம் வெறும் 318 மீற்றர்தான். ஆனால் வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 35,000 மீற்றரைத் தாண்டுகிறது. நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலவைக் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு தடவை ஏறுவதற்கு அது சமம். காரணம், அதன் பெரும்பகுதியை மிதித்து உண்டாக்கியவர்கள் கடத்தல்காரரைத் தேடித் திரிந்த கரையோரக் காவலர்கள். 1822 இல் ஒழுங்குபடுத்தப்பட்ட அந்தக் காவற்படையினர், பிரண்டியும் புகையிலையும் இறங்கக்கூடிய ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்தாக வேண்டும். (அதற்கு முந்திய தலைமுறையில் தேயிலையும் அங்கே பெருமளவில் கடத்தப்பட்டது. அது சீனத் தேயிலை; நம் மலைநாட்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டது 1867 இல்தான்.) குறுக்குவழியில் போகும் காவலன் குடாவுக்குள் நடப்பதைக் காண மாட்டான் என்பதால், சுலபமான வழி பக்கத்தில் இருந்தாலும் பாதை அதை விட்டுப் பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டே போகிறது.

தங்கள் மகள் தேர்ந்திருக்கும் துண்டு முழுப் பாதையிலும் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. ஹார்ட்லண்ட் கரையில் கடல் பாறையை அரித்துப் பின்வாங்கச் செய்யும் வேகத்துக்கு ஈடாகச் சிற்றோடைகளால் தங்கள் பள்ளத்தாக்கை ஆழமாக்க முடியவில்லை. அதனால் சில ஓடைகள் கடற்கரையை எட்டாமல் பாறை முகப்பிலிருந்து அருவியாக விழுகின்றன. ஸ்பீக்ஸ் மில் மவுத் என்னுமிடத்தில் முதல் மணித்தியாலத்திலேயே அப்படி ஒன்றைக் காண்பீர்கள். கீழே கடற்கரை வழியாக ஒதுங்கிப் போகலாமென்றால் அலையும் பாறையும் விடா. ஆகவே பியூட் போய்ச் சேருவதற்குள் பத்துப் பள்ளத்தாக்குகளில் இறங்கி இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. சீப்பின் பற்கள்மேல் எறும்பு ஊர்வதைப் போன்ற நடை அது. சரிவுகளில் மரச்சட்டம் பதித்துப் படி கட்டியிருக்கிறார்கள். சட்டத்துக்குப் பின்னாலுள்ள மண்ணை மழை அரித்துக் குழியாக்கிவிடுவதால், ஒரு படி முழங்காலளவு, அடுத்தது கணுக்காலளவு என்று உயரம் மாறிக்கொண்டே இருக்கும். குழியில் நீர் தேங்கி, சட்டம் வழுக்கும். நான் அங்கே நடந்தபோது மூச்சை வாங்கியவை ஏற்றங்களாயினும், காலை நடுங்க வைத்தவை இந்த இறக்கப் படிகளே.

எனவே அந்த முதல் நாளை இரண்டாகப் பிரித்து, நடுவில் மோர்வென்ஸ்டோவில் தங்குங்கள். மார்ஸ்லண்ட் மவுத்தில் ஒரு சிறு மரப்பாலத்தைக் கடந்து டெவனிலிருந்து கோர்ன்வாலுக்குள் நுழைந்த பிறகு வரும் கிராமம் அது. பிரிப்பதற்குப் பாதையின் கடினம் ஒன்றே காரணமில்லை. 1834 முதல் 1875 வரை அங்கே பாதிரியாராக இருந்த ரொபர்ட் ஸ்டீபன் ஹோக்கர், உடைந்த கப்பல்களின் பலகைகளைப் பொறுக்கிப் பாறை விளிம்பில் கட்டிய குடில் இன்றும் நிற்கிறது. கரையொதுங்கிய மாலுமிகளின் உடல்களைத் தேடிச் சுமந்து வந்து முறையாக அடக்கம் செய்தவர் அவர். 1842 இல் உடைந்த கலிடோனியா என்ற கப்பலின் முகப்புச் சிலை அந்த மயானத்தில் நெடுங்காலம் நின்றது. 25 கிலோமீற்றரை ஒரே நாளில் முடிக்கத் துடிப்பவர், இருட்டுவதற்குள் பியூட் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றத்தில் அந்தக் குடிலுக்குள் தலையை நீட்டிப் பார்க்கவும் நேரமில்லாமல் போவார்.

நம் நாட்டில் ஏன் இல்லை என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயமாக்கி, அதற்குள் என்ன கட்டலாம், எதை அகழலாம் என்று ஒழுங்குபடுத்துகிறதே தவிர, தொடர்ச்சியாக நடந்துபோக ஒரு வழியை உண்டாக்கவில்லை. இங்கிலாந்தில் 2009 இல் நிறைவேறிய சட்டம் அதையே செய்தது. இங்கே கொழும்புக்குத் தெற்கே பல இடங்களில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே ரயில் பாதை கிடக்கிறது. 1895 இல் மாத்தறை வரை போட்டு முடித்தது. தண்டவாளத்தின் மேல் நடக்கும் வெள்ளவத்தை வழக்கத்தை நான் நடைபாதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். கடலோரம் நடப்பதற்கென்றே ஆட்சியாளர் ஒருவர் ஒரு வழியை அமைத்ததற்குக் கொழும்பில் எடுப்பான சான்று காலிமுகத்திடல்தான். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859 இல் அதை முடித்து, கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலன் கருதிப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லிலும் பொறித்து வைத்தார்.

கடைசியாகப் பயிற்சி. யாத்திரைக்கு உதவிய செருப்பு அங்கே உதவாது. கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்தும் இரண்டு ஊன்றுகோலும் வேண்டும். காலிமுகத்திடலில் எத்தனை சுற்று நடந்தாலும் இந்தப் பாதைக்கு அது போதாது, ஏனென்றால் அங்கே சரிவே இல்லை. தாங்கள் இருப்பது மாடிக் குடியிருப்பு என்றால், கொண்டுபோகும் பையை அதே பாரத்துடன் முதுகில் மாட்டிக்கொண்டு படிகளில் ஏறி இறங்குங்கள். ஏறும்போது களைத்தால் லிஃப்டில் போகலாம். இறங்குவதைப் படியிலேயே செய்யுங்கள். இரண்டு வாரத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்கினால், ரிக்கற் எடுப்பதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.