கடலன் வழுதியின் நிழற்குடை

கேள்வி: ‘விண்ட்பிரேக்’ என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் என்ன? ஆடிக்காற்றில் என் வாழைகள் ஒதுங்க இடமில்லாமல் சாய்கின்றன. மேற்கே காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், உசிலம்பட்டி

பதில்: வாழை எப்படி ஐயா ஒதுங்கும்? அது கால் உள்ள ஜீவன்கள் பார்க்கிற வேலை. அதிலும் நம் பக்கத்தில் ஒருவர் ‘ஒதுங்கப் போயிருக்கிறார்’ என்றால் கையில் சொம்பும் போயிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வாழைக்கு அந்தத் தொல்லை இல்லை.

சொல்லை முதலில் முடித்துவிடுகிறேன். காற்று மறைப்பு, காற்றுத் தடுப்பு, எதுவும் சரி. வேளாண்மைத் துறைக்காரர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். இதே கேள்வி முன்பு ஒருமுறை வந்தபோது, தமிழுக்குக் காவல் நிற்கும் ஒரு வாசகர் ‘வளித்தடை’ என்று எழுதச் சொல்லிக் கோபித்துக்கொண்டார். அதைக் கேட்டுக்கொண்டு போனால் நாட்டு மருந்துக் கடையில் ஓமம் மடித்துக் கொடுப்பார்கள்.

அது கிடக்கட்டும். ‘ஒதுங்க’ என்றீர்களே, அதை விட மனசு வரவில்லை. படிக்காதவனை ‘மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்’ என்கிறோம். மதுரைக்காரன் அப்படிச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. இங்கே பள்ளி என்று ஒன்று வந்ததே மழைக்கு ஒதுங்கத்தான். சமணத் துறவிகள் மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்க மாட்டார்கள், ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். அவர்களுக்காக மலைக்குகையில் கல்லைச் செதுக்கிப் படுக்கை போட்டார்கள். குகையின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்ட, ஒரு விளிம்பு வெட்டினார்கள். திருப்பரங்குன்றம், அழகர்மலை, கொங்கர்புளியங்குளம் என்று மதுரையைச் சுற்றிலும் இவை இருக்கின்றன.

மாங்குளத்தை ஒட்டிய மலையில் உள்ளது இன்னும் விசேஷம். நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி, கணி நந்தன் என்ற துறவிக்காக வெட்டுவித்த பள்ளி இது என்று தமிழ் பிராமியில் அங்கே பொறித்திருக்கிறது. 1882-இல் ராபர்ட் சீவல் என்ற வெள்ளைக்கார அதிகாரி பார்த்து வெளியே சொன்ன கல்வெட்டு. வயது இரண்டாயிரத்துக்கு மேல்.

கவனித்தீர்களா? ஒதுங்க ஓர் இடம், கட்டியவர் பெயர், அவருடைய தலைவர் பெயர். நம் பேருந்து நிறுத்த நிழற்குடையில் இருக்கும் அதே வரிசை! தொகுதி மேம்பாட்டு நிதி என்ற வார்த்தை ஒன்றுதான் மாங்குளத்தில் இல்லை. புகைப்படமும் இல்லை, வழுதி தப்பித்தார்.

(நிழற்குடையை இழுக்காமல் உங்களால் ஒரு பதில் எழுத முடியாதா என்று துணை ஆசிரியர் கேட்கிறார். முடியாது.)

வித்தியாசம் எங்கே என்றால், வழுதியின் கூரை இன்றைக்கும் மழையை நிறுத்துகிறது. நம்முடையதில் கூரை எட்டாத உயரத்தில், பக்கங்கள் திறந்து கிடக்கின்றன. காலையில் நிழல் பின்னால் இருக்கும் சாக்கடையில் விழுகிறது. மாலையில் நடு ரோட்டில் விழுகிறது. மத்தியானம் சரியாக உள்ளே விழும்போது எவர்சில்வர் இருக்கையில் தோசை சுடலாம். சாரலடித்தால் உள்ளே நிற்பவரும் சாக்கை மடித்துக் கொங்காணி போட வேண்டியதுதான். வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகும் அழகருக்கு வண்டியூரில் கல்லாலான தேனூர் மண்டபம். தினமும் நிற்கிற ஜனத்துக்குத் தகரம். அழகர் மேல் எனக்கு வருத்தமில்லை, ஒப்பந்தக்காரர் மேல்தான்.

சரி, உங்கள் சுவருக்கு வருகிறேன். கட்டாதீர்கள். இது கஞ்சத்தனமான யோசனை இல்லை. முழுக்க அடைத்த சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுருண்டு இறங்கும். குலை தள்ளிய மரத்தை முறுக்கிப் போட அது போதும். பாதி காற்றை உள்ளே விடுகிற மறைப்புதான் நல்ல மறைப்பு. ஆட்டுக்கிடைக்காரர்களின் படலைப் பாருங்கள், எத்தனை ஓட்டை! சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி இதையே செய்கிறது: கொடிக்குக் கொழுகொம்பு, வெயிலுக்கு நிழல், காற்றுக்கும் தடை. 2023-இல் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அகத்தியை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

காற்று வரும் திசைக்குக் குறுக்கே சவுக்கோ அகத்தியோ இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று மாற்றி நடுங்கள். மரத்தின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரத்துக்கு வேகம் நன்றாகத் தணியும். 20 அடி மரம் என்றால் 200 அடி. நடுவில் டிராக்டருக்கு வழி விட்டால் காற்று அந்தச் சந்தில்தான் நெருக்கிக்கொண்டு பாயும். வழியை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மரம் எழும்பும்வரை, குலை தள்ளிய வாழைக்குச் சாய்கிற பக்கமாக இரண்டு கம்பு முட்டுக் கொடுங்கள்.